கொசுவும் கணக்கும்

மலேரியா என்பது இத்தாலிய மொழியிலிருந்து வந்த சொல். கெட்ட காற்று என்பது அதன் பொருள். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நச்சுக்காற்றே குளிர்காய்ச்சலுக்குக் காரணம் என மக்கள் பல நூற்றாண்டுகள் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையை மாற்றி, நோயைக் கடத்துவது கொசுவே என்பதற்குச் சான்று கண்டவர் ரொனால்டு ராஸ். 1902ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அதற்காகவே அவருக்கு வழங்கப்பட்டது. இவ்வளவும் பலரும் அறிந்த செய்தி. ஆனால் தம் தலையாய பணி எதுவென்று எண்ணிப் பார்த்தபோது ராஸ் சுட்டியது நுண்ணோக்கியின்கீழ்க் கண்ட காட்சியை அன்று; கொள்ளைநோய்கள் பரவுவதற்கான பொது விதிகளைக் கணிதத்தால் வகுத்ததையே அவர் தம் முதன்மைப் பணியாகக் கருதினார். உலகம் கொசுவைப் பாராட்டியது. கணக்கை நெடுநாள் கண்டுகொள்ளவில்லை.

இளமையும் சென்னை வாழ்க்கையும்

1857ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் மீரட் நகரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அதற்கு மூன்று நாள்களுக்குப் பின், இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் ராஸ் பிறந்தார். தந்தை ஆங்கிலப் படையின் அதிகாரி. பத்துக் குழந்தைகளுள் மூத்தவரான ராஸ், எட்டாம் வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஓவியம், கவிதை, இசை ஆகியவற்றில் நாட்டம் கொண்டிருந்த அவருக்கு மருத்துவத்தில் சிறிதும் விருப்பமில்லை. மகன் மருத்துவனாகி இந்தியாவில் பணியாற்ற வேண்டும் என்பது தந்தையின் கட்டளை. அதற்கு உடன்பட்டு இலண்டனிலுள்ள புனித பர்த்தலோமியு மருத்துவமனையில் சேர்ந்தார், அரைமனத்தோடு பயின்றார், ஒரு தேர்வில் தவறினார், கப்பல் மருத்துவராகச் சில காலம் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்துகொண்டிருந்தார். 1881இல் ஒருவாறு தேர்ச்சி பெற்று, இந்திய மருத்துவப் பணியில் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார்.

படைமுகாம் மருத்துவருக்கு அக்காலத்தில் வேலை மிகுதியில்லை. கிடைத்த ஓய்வில் ராஸ் கவிதை எழுதினார். பின்னாளில் ஒரு புதினமும் வெளியிட்டார். இவற்றோடு, பள்ளியில் முழுமையாகக் கற்காமல் விட்ட கணிதத்தையும் நூல்களின் துணைகொண்டு தாமே கற்கத் தொடங்கினார். ஆசிரியர் இல்லை, தேர்வு இல்லை, பயன் என்னவென்று கேட்பாரும் இல்லை. கணிதம் கற்று என்ன செய்யப் போகிறோம் என்று வினவும் மாணவர்கள் ஒன்றை இங்கே கவனிக்கலாம்: ராஸுக்கும் அக்கேள்விக்கு விடை கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1883இல் அவர் பெங்களூருக்கு மாற்றப்பட்டார். அங்கே அவருக்குக் கிடைத்த பங்களாவில் கொசுத்தொல்லை தாங்க முடியாததாக இருந்தது. சாளரத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தபோது, அதனுள் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசுக்கள் வெகுவாகக் குறைந்தன. மகிழ்ச்சியோடு முகாமின் அதிகாரியிடம் சென்று, உணவுக் கூடத்தைச் சுற்றியுள்ள தொட்டிகளையும் கவிழ்க்கலாம் என்றார். அதிகாரியோ, இயற்கை ஏதோ ஒரு நோக்கத்துடன் கொசுவைப் படைத்திருக்கிறது, அதைப் பொறுத்துக்கொள்வதே நம் கடமை என்னும் பொருள்படக் கூறி மறுத்துவிட்டார். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை அப்போது ராஸும் அறியார். எனினும் தொட்டியைக் கவிழ்க்க மறுக்கும் அதிகாரிகளோடு அவர் நடத்திய நெடும்போர் அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

சிக்கந்தராபாத் முதல் கல்கத்தா வரை

1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லவரான், மலேரியா நோயாளியின் குருதியில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். அது ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு எவ்வாறு செல்கிறது என்பது புலப்படவில்லை. 1894இல் ராஸ் விடுப்பில் இலண்டன் சென்றிருந்தபோது, பாட்ரிக் மேன்சன் என்னும் மருத்துவர் அவ்வொட்டுண்ணியை அவருக்குக் காட்டி, கொசுவின் மீது தமக்குள்ள ஐயத்தையும் எடுத்துரைத்தார். அந்த ஐயத்தை மெய்ப்பிக்கும் உறுதியோடு ராஸ் 1895இல் இந்தியா திரும்பினார்.

அடுத்த இரண்டரை ஆண்டுகள் சோர்வூட்டும் உழைப்பில் கழிந்தன. 1897 கோடையில் நீலகிரியில் விடுப்பில் இருந்தபோது, சீகூர் மலைச்சரிவில் மலேரியாவை ஆராயச் சென்று தாமே அந்நோய்க்கு ஆளானார். சிக்கந்தராபாத்தின் வெப்பத்தில், நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின. விசிறி வீசினால் கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் அதற்கும் இடமில்லை. உசேன்கான் என்னும் நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓரணா என்னும் கூலிக்குத் தம் உடலைக் கடிக்கக் கொடுத்தார். பத்துக் கொசுக்கள், பத்தணா. அவை அதுவரை ராஸ் ஆராய்ந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. இறக்கைகளில் புள்ளிகள் கொண்டவை. இன்று நாம் அனோபிலஸ் என அறிந்திருக்கும் இனம். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் அவற்றுள் ஒன்றைக் கீறிப் பார்த்தபோது, அதன் இரைப்பைச் சுவரில் கருநிறத் துகள்கள் கொண்ட உருண்டைச் செல்களை ராஸ் கண்டார். மனிதக் குருதியிலிருந்த ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர்வது தெளிவாயிற்று.

முடிவு கைக்கெட்டும் வேளையில், மலேரியா மிகுதியில்லாத இராசபுதனத்துப் படைமுகாம் ஒன்றுக்கு அவர் மாற்றப்பட்டார். 1898இல் கல்கத்தாவில் ஆய்வைத் தொடர இசைவு கிடைத்தபோது, மனித நோயாளிகள் கிடைப்பது அரிதாக இருந்தமையால் பறவைகளின் மலேரியாவைத் தேர்ந்துகொண்டார். முகமது பக்சு என்னும் உதவியாளர் அவருடன் அல்லும் பகலும் உழைத்தார். அவ்வாண்டு சூலைத் திங்களில், ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடிக்கும்போது அடுத்த பறவையின் உடலுக்குள் செல்வது உறுதியாயிற்று. அதே ஆண்டின் இறுதியில், மனித மலேரியாவைப் பரப்புவது அனோபிலஸ் என்பதை இத்தாலியில் கிராசியும் அவருடைய தோழர்களும் மெய்ப்பித்தனர். கிராசிக்கு உரிய பெருமையை ராஸ் இறுதிவரை மனமுவந்து ஏற்கவில்லை. அவருடைய வாழ்க்கையைப் போற்றி எழுதுவோரும் இக்குறையை மறைப்பதற்கில்லை. உசேன்கானையும் முகமது பக்சையும் நோபல் பரிசின் புகழ் சென்றடையவில்லை என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

எல்லாக் கொசுக்களையும் கொல்ல முடியுமா?

1899இல் ராஸ் இந்தியப் பணியிலிருந்து விலகி, லிவர்பூலில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் பிரீடவுன் நகரத்துக்குச் சென்று, தெருப்பள்ளங்களைத் தூர்ப்பதிலும் நீர் தேங்கும் கலங்களை அகற்றுவதிலும் ஆட்களை ஈடுபடுத்தினார். 1902இல் சூயஸ் கால்வாய் நிறுவனம் அவரை எகிப்தின் இஸ்மாயிலியா நகருக்கு அழைத்தது. அங்கே கொசு ஒழிப்புப் பணி முறையாக நடைபெற்றது. சில ஆண்டுகளில் மலேரியா அந்நகரை விட்டு நீங்கியது.

எனினும் ஐயங்கள் அடங்கவில்லை. இலாகூருக்கு அருகிலுள்ள மியான்மீர் படைமுகாமில் 1902 முதல் நடந்த கொசு ஒழிப்புச் சோதனை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. எடுத்துக்கொண்ட நிலப்பரப்பு சிறிது, காலம் குறுகியது, பணி அரைகுறை என்று ராஸ் வாதிட்டார். ஆனால் அரசினர் பலர் வேறு முடிவுக்கு வந்துவிட்டனர். கொசுக்கள் எண்ணிறந்தவை, இங்கே அழித்தால் அங்கிருந்து பறந்துவரும், முற்றிலும் ஒழிக்க முடியாத ஒன்றோடு போராடிப் பணத்தைச் செலவிடுவது வீண் என்பது அவர்கள் தரப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் இவ்வாதம் அறிவுக்குப் பொருந்துவதாகவே தோன்றும். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் காய்ச்சலால் மடிந்துகொண்டிருந்த நாடுகளில், ஒன்றும் செய்யாமலிருப்பதற்கு அது ஒரு நல்ல சாக்காகவும் அமைந்தது. சொல்லுக்குச் சொல் மறுப்புரைப்பதால் பயனில்லை என்று உணர்ந்த ராஸ், இளமையில் சென்னையில் கற்ற கணிதத்தைக் கையிலெடுத்தார்.

முதல் வினா கொசுவின் பயணத்தைப் பற்றியது. ஒரு வட்டப் பரப்பில் கொசு பிறக்கும் இடங்களை எல்லாம் அழித்துவிட்டால், வெளியிலிருந்து வரும் கொசுக்கள் அவ்வட்டத்தின் நடுப்பகுதியை எவ்வளவு எட்டும்? 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நிகழ்த்திய உரையில் ராஸ் இதை ஆராய்ந்தார். கொசு அம்புபோல் நேர்கோட்டில் பறப்பதில்லை. உணவைத் தேடி ஒருமுறை கிழக்கே செல்லும். மறுமுறை மேற்கே திரும்பும். முன்னே சென்ற தொலைவைப் பின்னே வரும் பயணம் அழித்துவிடுகிறது. ஆதலால் பெரும்பாலான கொசுக்கள் தாம் பிறந்த இடத்துக்கு அண்மையிலேயே மடிகின்றன. தூய்மை செய்யப்பட்ட பரப்பு போதிய அளவு பெரிதாக இருந்தால், அதன் நடுப்பகுதியில் கொசுக்கள் அருகியே காணப்படும்.

கருத்து சரி, கணக்கை முழுமையாக முடிப்பது அவர் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனிடம் அச்சிக்கலை ராஸ் ஒப்படைத்தார். பியர்சன் 1905இல் அதை எளிமையாக்கி, இலக்கின்றி நடக்கும் ஒருவன் சில எட்டுகளுக்குப் பின் எங்கே இருப்பான் என்னும் புதிராக இதழொன்றில் வெளியிட்டு, அறிஞர்களின் உதவியைக் கோரினார். இலக்கற்ற நடை என்னும் கணிதத் துறைக்கு இப்பெயர் அப்போதுதான் வந்தது. இன்று இயற்பியலாரும் பொருளியலாரும் நாள்தோறும் கையாளும் அத்துறையின் பெயர் வரலாற்றில் ஒரு கொசுவுக்கும் இடமுண்டு என்பது பலருக்கும் வியப்பளிக்கக்கூடும்.

மொரீசியசுத் தீவில்

இரண்டாம் வினா இன்னும் பெரியது. கொசுக்கள் எவ்வளவு குறைந்தால் நோய் நீங்கும்? இதற்கு விடை தேடும் வாய்ப்பு மொரீசியசுத் தீவில் கிடைத்தது. கரும்புத் தோட்டங்களில் உழைக்கத் தமிழர் உள்ளிட்ட இந்தியர் பல்லாயிரவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தீவு அது. 1860களின் இடைப்பகுதி வரை மலேரியா அங்கே அறியப்படாத நோய். திடீரெனப் பரவிய அக்காய்ச்சல் 1867ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 30,000 உயிர்களைக் கவர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் தீவு அதிலிருந்து மீளவில்லை. 1907 நவம்பரில் அங்குச் சென்ற ராஸ், மூன்று திங்கள் தங்கினார். மலேரியாவால் மண்ணீரல் வீங்குவதுண்டு. ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியுள்ளது என்று ஊர்தோறும் கணக்கெடுக்கச் செய்தார். 1908இல் வெளிவந்த அவருடைய அறிக்கையிலும், 1910இல் வெளியிட்ட மலேரியாத் தடுப்பு பற்றிய நூலிலும் அந்தக் கணக்கு இடம்பெற்றது.

அவர் சென்ற வழியை எளிமைப்படுத்திப் பின்வருமாறு சொல்லலாம். ஓர் ஊரில் ஒரு மாதத்தில் உள்ள அனோபிலஸ் கொசுக்களுள் நான்கில் ஒன்றே மனிதரைக் கடிக்கும் வாய்ப்பைப் பெறுகிறது. நோயாளிகளிலும் நால்வரில் ஒருவருடைய குருதியில்தான் கொசுவுக்குத் தொற்றும் பருவத்தில் ஒட்டுண்ணி இருக்கிறது. அவ்வாறு தொற்றிய கொசு உடனே நோயைக் கொடுத்துவிடாது. ஒட்டுண்ணி அதன் உடலில் முதிர ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். அதுவரை உயிரோடிருப்பது மூன்றில் ஒன்று. எஞ்சியவற்றுள்ளும் மீண்டும் மனிதரைக் கடிப்பது நான்கில் ஒன்று. இவ்விகிதங்களைப் பெருக்கினால், நான்கு, நான்கு, மூன்று, நான்கு என 192 கிடைக்கிறது. அதாவது நோயாளிகளைச் சார்ந்து 192 கொசுக்கள் இருந்தால்தான் ஒரு மாதத்தில் ஒரு புதிய நோயாளி உருவாவார்.

மறுபுறம், மாதந்தோறும் நோயாளிகளுள் ஐந்தில் ஒருவர் நலமடைகிறார் எனக் கொள்வோம். ஐவர் நோயுற்றிருக்கும் இடத்தில் ஒருவர் நலமடையும்போது, புதிதாக ஒருவர் நோயுற்றால்தான் நோய் அவ்வூரில் நிலைக்கும். ஐவருக்கும் சேர்த்து 192 கொசுக்கள் என்றால், தலைக்கு 38க்குச் சற்று மிகுதி. ஏறத்தாழ 40 என்று கொள்ளலாம். இந்த எல்லைக்கு மேல் கொசு இருந்தால் மலேரியா நிலைபெறும். இதற்குக் கீழே சென்றால், கொசு இருந்தும் நோயாளிகளின் எண்ணிக்கை மாதந்தோறும் குறைந்து இறுதியில் நோய் தானே மறையும். எல்லையைச் சற்றே தாண்டினாலும் நிலைமை விரைவில் மோசமாகும். அதே கணக்கின்படி தலைக்கு 60 கொசுக்கள் இருந்தால் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியானோரும், 100 இருந்தால் ஏறத்தாழப் பத்தில் அறுவரும் நோயுற்றிருப்பர். எல்லோரும் நோயுறாததற்குக் காரணமும் கணக்கிலேயே உண்டு. ஏற்கெனவே நோயுற்றவரைக் கடிக்கும் கொசு புதிய நோயாளியை உருவாக்குவதில்லை.

கடைசிக் கொசுவரை அழித்தாக வேண்டும் என்னும் கட்டாயம் இதனால் நீங்கியது. முடியாதது என்று ஒதுக்கப்பட்ட பணி, முடிக்கக்கூடிய பணியாயிற்று. தலைக்கு 40 என்னும் எண் எல்லா ஊருக்கும் பொருந்தும் என ராஸ் கூறவில்லை. விகிதங்கள் அனைத்தும் உத்தேச மதிப்புகளே என்பதையும், இடத்துக்கேற்ப அவை மாறும் என்பதையும் அவர் நன்கு அறிந்திருந்தார். ஆனால் எல்லை என ஒன்று உண்டு என்பதில் அவருக்கு ஐயமில்லை. நூலின் இரண்டாம் பதிப்பில் அதே கருத்தை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினார். அக்கால மருத்துவர்களுள் அவற்றைப் படித்துணரக் கூடியவர் மிகச் சிலர். கணித அறிஞர்களோ காய்ச்சலைப் பற்றிக் கவலை கொண்டாரில்லை. இரு துறைக்கும் இடையே நின்றவரின் தனிமை அது.

இறுதி ஆண்டுகள்

1911இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1914 ஆகஸ்டில், முதல் உலகப்போரின் தொடக்க நாள்களிலேயே அவருடைய மூத்த மகன் போர்க்களத்தில் உயிரிழந்தார். அத்துயரத்துக்கும் போர்ப்பணிகளுக்கும் இடையே ராஸ் கணக்கை விடவில்லை. ஹில்டா ஹட்சன் என்னும் கணித அறிஞரின் துணையோடு, மலேரியாவுக்கு மட்டுமன்றித் தொற்றுநோய் அனைத்துக்கும் பொருந்தும் சமன்பாடுகளை 1916, 1917ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். 1901இல் ஆப்பிரிக்கப் பயணத்தில் அவருடன் சென்ற இளம் மருத்துவர் மெக்கென்றிக், ராஸின் தூண்டுதலால் கணிதத்தின் பக்கம் திரும்பியவர். அவரும் கெர்மாக்கும் சேர்ந்து 1927இல் எழுதிய கட்டுரை இன்றும் தொற்றுநோய்க் கணிதத்தின் அடித்தளமாக விளங்குகிறது.

ராஸ் எளிதில் சினம் கொள்பவர். தமக்குத் தக்க வெகுமதி கிடைக்கவில்லை என்னும் மனக்குறை அவரை விட்டு அகலவே இல்லை. 1926இல் இலண்டனில் அவர் பெயரால் ஒரு மருத்துவ நிறுவனம் தொடங்கப்பட்டது. 1932 செப்டம்பர் 16ஆம் நாள் அந்நிறுவனத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

அதே ராஸ் நிறுவனத்தின் தலைமைக்குப் பின்னாளில் வந்தவர் ஜார்ஜ் மெக்டொனால்டு. 1950களில் அவர் ராஸின் சமன்பாடுகளை மீண்டும் எடுத்து, அவற்றுள் கொசுவின் ஆயுளை நுணுகிப் பார்த்தார். ஒட்டுண்ணி முதிர 12 நாள்கள் ஆகும் எனக் கொள்வோம். நாள்தோறும் பத்தில் ஒன்பது கொசுக்கள் பிழைத்தால், 12 நாள்களுக்குப் பின் நூற்றுக்கு 28 எஞ்சும். பத்தில் எட்டு மட்டும் பிழைத்தால் நூற்றுக்கு ஏழே எஞ்சும். கொசுவின் எண்ணிக்கையைப் பாதியாக்குவதைவிட அதன் ஆயுளைச் சற்றே குறைப்பது மிகுந்த பயன் தரும் என்பது இதனால் விளங்கியது. குருதி குடித்த கொசு சுவரில் அமர்ந்து இளைப்பாறும். வீட்டுச் சுவர்களில் பூச்சிக்கொல்லி தெளிக்கும் திட்டங்களுக்கு இக்கணக்கு வலிமை சேர்த்தது. இன்று அச்சமன்பாடுகள் ராஸ், மெக்டொனால்டு இருவர் பெயராலும் வழங்குகின்றன.

ராஸ் மண்ணீரல்களை எண்ணிய மொரீசியசுத் தீவு, 1973இல் மலேரியா நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. 1975இல் வீசிய புயலுக்குப் பின் நோய் மீண்டும் தலைகாட்டியது; மீண்டும் பல ஆண்டுகள் உழைத்து அதை அகற்றினர். உள்ளூரிலேயே தொற்றிய கடைசி நோயாளி 1997இல் கண்டறியப்பட்டார். வெளிநாடுகளிலிருந்து வரும் பயணிகளின் உடல்நலத்தை அங்கே தொடர்ந்து கண்காணிக்கின்றனர். அனோபிலஸ் கொசுக்கள் அத்தீவில் இன்னும் இருக்கின்றன.